ஒரு செக்கன் மூளை

றுஸ்தா தன் போனுக்கு எழுதிய, கட்டங்களில் காய் வெட்டி ஆடும் தாம் விளையாட்டுச் செயலி அன்றும் தோற்றது. அக்காவான கமீலா ராத்தாவை ஒருதரமாவது வென்றால்தான் அதை நாளைக்குக் கல்முனைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

“உன்ட போனுக்கு மூளை இல்லகா. நான் கைய எடுக்க முந்தி அது காய வெச்சிருது,” என்றாள் கமீலா.

“ஒரு செக்கன்தான் குடுத்திருக்கன் ராத்தா. வாற சனம் காத்துக்கிட்டு நிக்குமா?”

“நிண்டு யோசிக்க உட்டுப் பாரு.”

றுஸ்தா அந்த ஒரு விநாடி வரம்பை எடுத்துவிட்டாள். இனிப் பொத்தானை அமர்த்தும்வரை போன் யோசித்துக்கொண்டே இருக்கும். அடுத்த ஆட்டத்தில் போனின் முறை வந்த நேரம் அஸர் பாங்கு கேட்டது. இருவரும் எழுந்து தொழப் போனார்கள்.

திரும்பி வந்தபோது போன் சூடேறிக் கிடந்தது. பொத்தானை அமர்த்தியதும் அது ஒரு காயைக் கொண்டுபோய்க் கமீலாவின் காய்க்கு முன்னால் வைத்தது.

“பாரன், தானா வந்து சாகுது!”

கமீலா வெட்டினாள். போன் ஒரே பாய்ச்சலில் அவளுடைய மூன்று காய்களை வெட்டியது. அதற்குப் பிறகு அவளால் ஆட்டத்தில் எழும்ப முடியவில்லை; போன் வென்றது.

“கள்ளம்! நாங்க தொழுதுக்கிட்டிருக்க இது யோசிச்சிருக்கு.”

றுஸ்தாவுக்கு வென்ற சந்தோசம்கூட மறந்துபோயிற்று. காய்களைப் பழைய இடத்தில் திரும்ப வைத்தாள். ஒரு செக்கன் கொடுத்தாள். போன் பயந்து ஓரத்தில் ஒதுங்கியது. பத்துச் செக்கனிலும் அதே பயம். ஒரு நிமிடம் கொடுத்ததும் காயைப் பறிகொடுக்கத் துணிந்தது. இன்னும் நெடுநேரம் விட்டுப் பார்த்தாள். அதே காய், அதே இடம்.

“இதுக்கு அறிவு கூடல்ல ராத்தா, பார்க்கிற தூரம்தான் கூடியிருக்கு. செக்கனில ஒரு காய் போறது மட்டும் தெரியுது. நிமிசத்தில, அதுக்குப் பொறகு மூணு வாறதும் தெரியுது.”

“அதுக்கு மேல யோசிச்சும் ஒண்டும் புதுசா வரல்லயே?”

“இந்த இடத்தில பாக்க வேற ஒண்டும் இல்ல போல.”

“வெந்த சோத்துக்கு விறகு வெச்ச மாதிரி.”

றுஸ்தாவின் முகம் வாடியது. “ஆனா இந்த வெற்றி கணக்கில சேராது. உங்களுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கல்லயே.”

கமீலா முந்தானையைச் சரிசெய்தாள்.

“சேரும்கா. தொழுகையில எனக்கும் மூலையில கிடந்த என்ட காய்தான் நினைவு. அல்லாஹ் மன்னிக்கணும். நானும் யோசிச்சுத்தான் தோத்தன்.”

றுஸ்தா சிரித்துவிட்டாள். செயலியில் ஒரு நிமிடம் என்று மாற்றினாள்.

“ஒவ்வொரு தரம் காய் வைக்கவும் ஒரு நிமிசம். சனம் நிக்கணுமே.”

“நான் பக்கத்தில இருந்து சனத்துக்குக் கதை குடுக்கிறன். ஒரு நிமிசம் என்ட கதைக்குப் போதுமா எண்டு மட்டும் பாரு.”