தும்மல்காரரின் கடைசி டிஸ்க்

என் மனைவியின் அண்ணன் மின்சார அலுவலகத்தில் கூடுதல் துணை இணைக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அந்தப் பதவிப் பெயரில் எந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் அலுவலகத்துக்கு நட்டமில்லை; அவரையே எடுத்துவிட்டபோதும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாசல் பலகையில் எல்லாச் சொற்களும் இன்னும் இருக்கின்றன. நாம் அதைப் படித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து யாராவது வந்து கதவைத் திறந்துவிடுவார்கள்.

யார் எதைச் சொன்னாலும் அவர் திருத்துவார். "வெயில் ஜாஸ்தி" என்றால் "வெயில் இல்ல, புழுக்கம்" என்பார். "புழுக்கமா இருக்கு" என்று நாமே ஆரம்பித்தால் "இதுக்குப் பேருதான் வெயில்" என்பார். எங்கள் கல்யாணத்தன்று வாழ்த்த வந்தவர், நான் கைகுலுக்கிய விதத்தைத் திருத்திவிட்டுப் போனார். தங்கையை மட்டும் அவர் திருத்துவதில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: "ஆமா, கடிகாரக்காரன்தான் கொன்னான்."

அவர்கள் சின்னவர்களாக இருந்தபோது தொலைக்காட்சியில் ஒரு துப்பறியும் தொடர் வந்தது. துப்பறிபவர் ஒல்லி மனிதர், எந்நேரமும் ஜலதோஷம். கொலைகாரன் யாரென்று புரிந்த நொடியில் ஒரு தும்மல் போடுவார். ஊரே அவரைத் தும்மல்காரர் என்றுதான் சொல்லும். தொடரின் கடைசிக் கதை இரண்டு பகுதிகளாக வந்தது. முதல் பகுதியில் ஒரு பணக்காரக் கிழவர் தன் மாளிகையில் செத்துக் கிடந்தார். நர்ஸ், டிரைவர், தம்பி மகன், கடிகாரம் பழுதுபார்ப்பவன் என்று நாலு பேர் மேலும் சந்தேகம். வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. பத்து வயதுப் பெண் ஒருத்தி "கடிகாரக்காரன்தான்" என்றாள். பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டவள் அவள்தான். அந்த வயதில் அவளுடைய தேர்வுகள் சரியாகவே இருந்தன.

இரண்டாம் பகுதி ஆரம்பிக்கிற நேரத்தில் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. விடிகிறவரை வரவில்லை. மறு ஒளிபரப்பும் இல்லை. முடிவைப் பார்த்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான்: அப்போதுதான் மின்சார அலுவலகத்தில் சேர்ந்திருந்த என் மைத்துனர். மேலதிகாரி வீட்டில் ஜெனரேட்டராம், அங்கே இவரை உட்காரவைத்துக் காட்டினார்களாம். ஊர் இருட்டில் கிடக்க, அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் கூட்டமாக உட்கார்ந்து தொடர் பார்த்ததைப் பெருமையாகச் சொல்வதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். அவருக்கு இருந்தது.

"நர்ஸ்தான் கொன்னா. விஷ பாட்டிலைக் கைப்பையில ஒளிச்சு வச்சிருந்தா. அவர் மூணு தடவை தும்மினதும் ஓன்னு அழுதுட்டா" என்று மறுநாள் காலையில் அறிவித்தார். பத்து வயதுக்காரியைப் பார்த்து வீடே சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. "அந்த வீட்டை வாங்க வேணாம், சுவர்ல ஈரம் தெரியுது" என்று பின்னாளில் வீடு பார்க்கப் போன இடத்தில் அவள் சொன்னபோது அண்ணன் "ஆமா, கடிகாரக்காரன்தான் கொன்னான்" என்றார். அவளுடைய தம்பி முதலில் சிரித்தான். எப்போதும் முதலில் சிரிப்பவன் அவன்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வீட்டை வாங்கினார்கள். இன்றைக்கு மைத்துனர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு, மழைக்காலம் வந்தால் எந்தப் படத்தை எங்கே மாட்டி எந்தக் கறையை மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

என் மனைவி மருந்துக் குப்பித் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவின் தலைவி. வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக ஓடிவரும் குப்பிகளில் கீறலும் குமிழியும் உள்ளவற்றைப் பொறுக்கி எடுக்கிற வேலை. அவள் "இது போகாது" என்றால் முதலாளியும் மறுபேச்சுப் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குள் கால் வைத்தால் மட்டும் அவளுக்கு மறுபடி பத்து வயது.

போன மாதம், மூடப்போகிற ஒரு வீடியோ கடையின் மூலையில் அவள் அதைப் பார்த்தாள். தும்மல்காரர் தொடர் முழுவதும், ஒரே பெட்டியில். மேலட்டையில் மூக்கில் கைக்குட்டை வைத்த அந்த ஒல்லி முகம். உள்ளே புத்தகத் தாள்கள்போல உறைகள், உறைக்கு ஒரு டிஸ்க். கடையிலேயே ஒவ்வொன்றாக உருவி, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"மேடம், படம் பார்க்க மெஷின் வேணும். சும்மா கண்ணால பார்த்தா தெரியாது" என்றார் கடைக்காரர்.

"கீறல் தெரியும்" என்றாள்.

ஒன்றிலும் கீறல் இல்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கல்யாணத்தன்றுகூட நான் அந்த நடையைப் பார்த்ததில்லை.

மெஷினுக்குத்தான் திண்டாட்டம். எங்கள் வீட்டுப் பிளேயரை எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டாயிற்று. தம்பி வீட்டில் எல்லாமே போனில். பக்கத்து வீட்டுக்காரர், நான் ஏதோ மாட்டு வண்டி இரவல் கேட்டதுபோல் பார்த்தார். சொந்தத்தில் ஓடுகிற பிளேயர் வைத்திருந்தவர் ஒருவர்தான். அறுந்த செருப்பைக்கூடத் தூக்கிப்போடாத என் மைத்துனர்.

"பெட்டியை இங்கயே வச்சிட்டுப் போம்மா. லென்ஸ்ல தூசி இருக்கும். துடைச்சு, ஒண்ணு ரெண்டு போட்டுப் பார்த்து ரெடி பண்றேன். அடுத்த ஞாயிறு எல்லாருமா உட்கார்ந்து பார்ப்போம்" என்றார். குரலில் அப்படியொரு பாசம்.

"விட்டுட்டு வராதே" என்றேன் வாசலில்.

"அண்ணன் பார்க்கட்டுமே" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஹாலில் எல்லாரும் கூடினோம். மைத்துனர் தன் சாய்வு நாற்காலியில். அவர் மனைவி தேநீர்த் தட்டோடு. கல்லூரி முடித்த மகள் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு. தம்பி சோபாவில், சிரிப்பதற்குத் தயாராக. என் மனைவி பெட்டியைத் திறந்து நேரே கடைசி உறைக்குப் போனாள். உறை காலி.

"அண்ணா, கடைசி டிஸ்க் இல்ல."

"இல்லியா? த்சொ. பழைய சாமான் வாங்கினா இப்படித்தான்மா. பார்த்து வாங்கணும்."

"பார்த்துத்தான் வாங்கினேன். எல்லாமே இருந்துச்சு."

"ஆமா" என்றார் மைத்துனர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "கடிகாரக்காரன்தான் கொன்னான்."

தம்பி சிரித்தான். நான் எழுந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ சொல்லத்தான் எழுந்தேன். என் மனைவி என் சட்டை நுனியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சரி விடுங்க" என்று ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டாள். "டிஸ்க் இல்லாட்டி என்ன, அண்ணன் இருக்காரே. அவர்தான் நேர்ல பார்த்தவராச்சே." அண்ணன் மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு முழுசாத் தெரியாது இல்ல? நான் சொல்றேன், தப்பா இருந்தா உங்கப்பா திருத்துவார். அந்த நர்ஸ் இருக்காளே, விஷ பாட்டிலைக் கைப்பைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாளாம்."

"கைப்பையில இல்ல" என்றார் மைத்துனர். "பூந்தொட்டியில. ஜன்னலுக்கு இடது பக்கம், ரெண்டாவது தொட்டி. மண்ணுக்கு அடியில."

"கைப்பைன்னுதானேப்பா சொல்வீங்க?" என்றாள் மகள்.

"வயசாகுது இல்ல, இப்பத்தான் சரியா ஞாபகம் வருது."

"இருக்கும் இருக்கும்" என்றாள் என் மனைவி. தேநீரை ஊதினாள். "அப்புறம் என்ன, தும்மல்காரர் வழக்கம்போல மூணு தடவை தும்மினார்."

"யார் சொன்னது? கடைசிப் பகுதியில அவர் தும்மவே மாட்டார். கைக்குட்டையை மடிச்சுப் பையில வச்சிடுவார். அதுதானே அதுல விசேஷமே." மைத்துனரின் முகம் மலர்ந்துவிட்டது. ஒருவர் சொன்ன இரண்டு வாக்கியங்களிலும் பிழை கண்டுபிடிக்கும் பாக்கியம் அவருக்கே அபூர்வம். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஓ, தும்மலியா. தும்மாமலே அந்த நர்ஸ் ஓன்னு அழுதுட்டாளாக்கும்."

"அவ எதுக்கு அழணும்? தொட்டியைத் தோண்டிக் காட்டிக் குடுத்ததே அவதானே."

சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. தட்டிலிருந்த கரண்டி ஒன்று தானாகச் சரிந்தது.

"அப்பா" என்றாள் மகள் மெதுவாக. "அவதானே கொலைகாரி?"

மைத்துனர் தொண்டையைக் கனைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு எதையாவது திருத்த முடியுமா என்று மேலும் கீழும் பார்த்தார். அகப்படவில்லை.

அவர் மனைவி தட்டைக் கீழே வைத்தார். "வியாழக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு ஒண்ணு பார்த்தீங்களே. மின்சாரச் சிக்கனம் பத்தி ஆபீஸ்ல குடுத்த படம்னு சொன்னீங்க."

"அது வேற."

"நானும் சமையல்கட்டுல நின்னு யோசிச்சேன், சிக்கனத்துக்கு எதுக்கு இவ்வளவு வயலின்னு."

"எங்க அண்ணா இருக்கு?" என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தவில்லை. வெளிச்சப் பலகைக்கு முன்னால் அவள் "இது போகாது" என்று சொல்லும் குரல் அதுதான். அந்த வீட்டில் நான் அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

கூடுதல் துணை இணைக் கண்காணிப்பாளர் எழுந்தார். சுவரில் இருந்த சட்டம் போட்ட படத்தைக் கழற்றினார். அவருடைய கடமை உணர்வையும் நேர்மையையும் பாராட்டி, ஓய்வு பெற்ற நாளன்று அலுவலகத்தில் கொடுத்த பத்திரம் அது. அதன் முதுகில் ஒரு காகித உறையில் டிஸ்க் செருகியிருந்தது. படம் இருந்த இடத்தில், சுவரில் ஒரு தலையணை அளவுக்கு ஈரம் பூத்திருந்தது. டிஸ்கை உடைத்துப் போட்டிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் எதையும் தூக்கிப்போட மாட்டாரே.

"முப்பது வருஷத்துக்கு மேல சொன்னதை எப்படிம்மா மாத்திச் சொல்றது" என்றார் தரையைப் பார்த்து. அவர் வாயிலிருந்து வந்த ஒரே நேர்மையான வாக்கியம். அதற்குப் பத்திரம் எதுவும் கொடுக்க மாட்டார்கள்.

"அப்ப கடிகாரக்காரன்தானா?" என்றான் தம்பி. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அண்ணன் மகள் டிஸ்கை வாங்கிப் பிளேயருக்குள் போடப்போனவள் நின்றாள். "அத்தை, நீங்க எதை வச்சு அவன்னு சொன்னீங்க? அப்ப உங்களுக்குப் பத்து வயசுதானே?"

என் மனைவி அவளைப் பார்த்தாள். அந்த வீட்டில் இதை யாரும் இதுவரை கேட்டதில்லை. சிரிக்கிற அவசரத்தில் கேட்க நேரமிருக்கவில்லை.

"கடிகாரம் ரிப்பேர் பண்றவன் ஒரு ரூமுக்குள்ள வந்தா முதல்ல எதைப் பார்ப்பான்? கிழவர் செத்துக் கிடந்த ரூம்ல ஒரு பெரிய கடிகாரம் நின்னு போயிருந்துச்சு. டிரைவர் பார்த்தான், நர்ஸ் பார்த்தா, போலீஸ்காரர் அதுல மணி பார்த்து ஏமாந்துகூடப் போனார். அவன் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. நிறுத்தினது அவன்தானே, எதுக்குப் பார்க்கணும்?"

மகள் டிஸ்கை உள்ளே தள்ளிப் பொத்தானை அழுத்தினாள்.

வயலின்களோடு ஆரம்பித்தது. பழைய படம், ஓரங்களில் மங்கல். முக்கால்வாசி ஓடியபின் மாளிகையின் கூடத்தில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்தார் தும்மல்காரர். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். நர்ஸைக் கடந்தார், டிரைவரைக் கடந்தார். நாலாவது ஆளுக்கு முன்னால் போய் நின்று, நின்றுபோன கடிகாரத்தைக் கையால் காட்டிக் கேட்டார்: "இந்த வீட்டில் எல்லாரும் இதைப் பார்த்தார்கள். இதைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நீ மட்டும் ஏன் பார்க்கவில்லை?"

தம்பி எழுந்து நின்றுவிட்டான். "அக்கா" என்றான். அண்ணன் மகள் பாய்ந்து வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். மைத்துனரின் மனைவி கை தட்டினார். தும்மல்காரருக்குத் தட்டினாரா, நாத்தனாருக்கா என்று சொல்ல முடியாது, ஆனால் புருஷனைப் பார்த்துக்கொண்டே தட்டினார். என் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதுகு நிமிர்ந்து, கைகளை மடியில் கோத்து, விருது வாங்கக் காத்திருப்பவளைப்போல உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் பளபளத்தது.

"பிரிண்ட் சுமார்தான்" என்றார் மைத்துனர் கடைசியில்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர் மனைவி. அந்த வீட்டில் மைத்துனரை ஒருவர் திருத்தியது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது பிளேயரையும் ஒயரைச் சுற்றி என் கையில் கொடுத்தார். "கொண்டுபோங்க தம்பி. இங்க இருந்தா இன்னும் எதையாவது சிக்கனம் பண்ணுவார்."

பஸ்ஸில் கூட்டம் இல்லை. என் மனைவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள், கடைசி உறையும் நிறைந்த பெட்டி. முன் சீட்டில் இருந்தவர் திரும்பினார். தலை நரைத்தவர், மடியில் காய்கறிப் பை.

"அட, தும்மல்காரரா? இதோட கடைசிக் கதை எனக்குப் பாதிதாம்மா தெரியும். அன்னிக்குப் பார்த்து ஊரெல்லாம் கரண்ட் போயிடுச்சு. கடைசியில யாரு கொன்னது?"

அவள் வாயைத் திறந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது. நான் சிரிக்கத் தயாரானேன்.

"நீங்க யாருன்னு நினைச்சீங்க?" என்றாள்.

"நானா? நான் அந்த நர்ஸ்னுதான் நினைச்சேன்."

"அப்படியா" என்று பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள். "எதை வச்சு? சொல்லுங்க."

அவர் காய்கறிப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, நன்றாகத் திரும்பி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.