முழங்காலில் முதலாம் கியர்

1.

இந்தக் கதைக்குக் காரணம் குற்ற உணர்வு. இலக்கிய ஆர்வமும் கொஞ்சம் உண்டு. அது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சுவாமியாரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பங்குச் சுவாமியார் என் மனைவி அன்ரோனெற்றின் பெரியம்மா மகன். இரகசியத்தைக் காப்பார்தான்; முகத்தைக் காக்கத் தெரியாத மனிதர். அதனால் எழுதுகிறேன்.

எழுதுவது மன்னாரின் தோட்டவெளிக் கிராமத்தில், எங்கள் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தின் கீழ், ஒரு பிளாஸ்டிக் கதிரையில். ஆறடி தூரத்தில் எங்கள் கார் மூக்கை என் பக்கம் நீட்டியபடி நிற்கிறது. அதற்குப் பின்னால் தெருவாசல் படலை. போர் முடிந்த இரண்டாவது வருடத்து வியாழக்கிழமை ஒன்றின் காலை. முடித்த தாள்களைக் கார் பொனற்றில் கல் வைத்து விடுகிறேன். அன்ரோனெற் வந்து எடுத்துப்போய் வாசித்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள். அவள் முன்பள்ளி ஆசிரியை. கையில் பென்சில் இல்லாமல் அவளுக்கு வாசிக்க வராது. அவள் எழுதியதை நான் அழிக்கப் போவதில்லை. அழித்தால் அதற்கும் ஒரு குறிப்பு எழுதுவாள்.

2.

முதலாவது தொடக்கம்: "மன்னார்த் தீவின் மேல் சோளகக் காற்று"

(விட்டுவிட்டேன். காற்றுக்கும் கியருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: "அமிர்தநாயகம் தன் மனைவியை மிகவும் நேசித்தவர். அவரிடம் ஒரு கார் இருந்தது. அதன் கியர் லீவர்"

[பென்சிலில்: ஆர் இந்த அமிர்தநாயகம்? எங்கடை கார் ஏன் அவரிட்டை நிக்குது?]

நான்தான் அமிர்தநாயகம். குற்றம் செய்தவனை வேறொரு பெயருக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பரிதாபப்படலாம் என்று பார்த்தேன். மூன்று வசனம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அமிர்தநாயகம் போய்விட்டார். நல்லகாலம், காரை விட்டுவிட்டுப் போனார்.

3.

வாசகருக்கு ஒரு சிறு பாடம் தேவைப்படுகிறது. (நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கியர் லீவர் நேரே கியர்பொக்ஸுக்குள் போவதில்லை. நடுவில் ஒரு கம்பி இருக்கிறது. கம்பி பொருந்தும் துளைகளில் நைலோன் வளையங்கள் இருக்கும்; சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. அவற்றுக்குத்தான் புஷ் என்று பெயர். புஷ் தேய்ந்தால் லீவர் ஆடும். கை ஒரு முழம் போனால்தான் உள்ளே ஒரு விரலளவு நகரும்.

எங்கள் காரில் முதலாம் கியர் இடப்பக்கம், முன்னே. ரிவேர்ஸ் அதற்கும் அப்பால்; லீவரைக் கீழே அமத்தி இன்னும் இடப்பக்கம் தள்ள வேண்டும். இது காரைச் செய்தவர்களின் திட்டம். புஷ் தேய்ந்த பிறகு முதலாம் கியரைப் பிடிப்பதற்கே லீவரை அமத்தி, பக்கத்து சீற்றில் இருக்கும் என் வலது முழங்காலில் இடிக்கும்வரை தள்ள வேண்டியிருந்தது. அப்படியென்றால் ரிவேர்ஸ் என் எலும்புக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். மூன்று வருடம் எங்களுக்கு ரிவேர்ஸ் கிடைக்கவேயில்லை.

பின்னால் போகாத காரோடு வாழப் பழகலாம். சுற்றித் திரும்பக்கூடிய முற்றம் உள்ள உறவினர் வீடுகளுக்கு மட்டும் போனோம். தலைமன்னாரில் அன்ரோனெற்றின் தங்கை பெற்றிசியாவின் முற்றம் ஒடுக்கம். அவளோடு உறவு கொஞ்சம் விட்டுப்போயிற்று. தூரத்துச் சொந்தமான அந்தோனிமுத்துவின் வீட்டைச் சுற்றிவரப் பாதை இருந்தது. மாதம் இரண்டு தரம் போனோம், அந்த மனிதருக்கே காரணம் விளங்கவில்லை. முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவோம்.

இந்தக் காரில்தான் அன்ரோனெற் ஸ்ரியரிங் பிடித்து ஓடப் பழகினாள்; பக்கத்து சீற்றில் நான்.

[பென்சிலில்: நல்லா ஓடுவன் எண்டும் எழுதுங்கோ.]

நன்றாக ஓடுவாள். முன்பக்கமாக.

4.

இப்போது எதற்காக இந்தப் பதற்றம் என்பதைச் சொல்ல வேண்டும். மறிச்சுக்கட்டியிலிருந்து தலைமன்னார் வரை உள்ள முன்பள்ளிகளைச் சுற்றிப்பார்க்கும் வேலை ஒன்று அன்ரோனெற்றுக்குக் கிடைத்திருக்கிறது. இருபத்தியிரண்டு வருடம் ஒரே ஓலைக்கொட்டிலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். கடிதத்தை யேசுவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். அதில் ஒரு நிபந்தனை: இம்மாதம் முப்பதுக்குள் லைசன்ஸ் காட்ட வேண்டும்.

முதற் பரீட்சையில், பக்கத்தில் இருந்த பரீட்சகர் "இனிப் பின்னுக்கு எடுங்கோ" என்றார். அன்ரோனெற் கைப்பிரேக்கை விடுவித்தாள். இறங்கினாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் போய், பொனற்றில் இரண்டு கையையும் வைத்து, அவரை உள்ளே வைத்தபடியே காரைப் பின்னுக்குத் தள்ளினாள். எங்கள் வீட்டில் பின்னுக்கு எடுப்பதென்றால் அதுதான்.

இரண்டாவது பரீட்சைக்கு ஒரு தந்திரம் யோசித்தோம். பின்னுக்கு எடுக்கச் சொன்னதும் மைதானத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, அவர் காட்டிய இடத்துக்குப் பின்பக்கமாக வந்து நிறுத்தினாள். "பிள்ளை, வந்தது சரி. வந்த வழிதான் பிழை" என்றார் அவர்.

வேறு காரை இரவல் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். தோட்டவெளியில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எங்கள் ஓட்டத்தைப் பார்த்தவர்கள்.

5.

போன வாரக் கடைசியில் ஜவாஹிர் வந்தார். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, மன்னார் ரவுனில் கார் திருத்தும் கராச் போட்டிருப்பவர். கொழும்பிலிருந்து புஷ் எடுப்பித்தவரும் அவர்தான். காருக்குக் கீழே படுத்துக் கிளிப்பைக் கழற்றினார், கம்பியை இழுத்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"மாஸ்டர், இதுக்குள்ள புஷ் எண்டு ஒண்டும் இல்ல. செருப்புத்தான் இருக்கு."

தேய்ந்த புஷ்ஷின் இடத்தில் நீல றபர்த் துண்டு, அதைச் சுற்றி வலை முடிகிற நைலோன் நூல். மூன்று வருடத்துக்கு முன் நானே செய்த திருத்தம். பாட்டாச் செருப்பு ஒன்றிலிருந்து வெட்டியது. ஜவாஹிரிடமிருந்து அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

[பென்சிலில்: அப்ப என்ரை செருப்பை நாய் கொண்டுபோகேல்லை!! பாவம் அந்த நாய். நான் அதுக்குக் கல்லாலை எறிஞ்சனான்.]

அன்ரோனெற் குசினியில் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். புதுப் புஷ் விறைப்பாக இருக்கும். கொதிதண்ணீரில் போட்டு இளக்கினால்தான் துளைக்குள் இறங்கும். ஜவாஹிர் அவற்றைக் கரண்டியால் எடுத்து, கிறீஸ் பூசி, கட்டைவிரலால் அமத்தினார். டக் என்று உட்கார்ந்தன. கம்பியை மாட்டினார். லீவர் நிமிர்ந்து நின்றது. முதலாம் கியர் என் முழங்காலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கத்திலேயே விழுந்தது.

"இவ்வளவுதான் வேல. அண்டைக்கே போட்டிருக்கலாம் மாஸ்டர், நான் உங்கட கையில" என்று அவர் தொடங்க, எனக்குக் கடுமையாக இருமல் வந்தது.

6.

(இந்தத் தாளை வைக்கலாமா என்று யோசித்துக் கதிரையைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன்.)

புஷ் மாட்டி மூன்றாம் நாள், இந்தத் திங்கட்கிழமை, மூன்றாவது பரீட்சை. மூன்று வருடம் பழகிய கை மூன்று நாளில் மறக்குமா? "முன்னுக்கு எடுங்கோ" என்றார் பரீட்சகர். அன்ரோனெற் வழக்கப்படி லீவரை அமத்தினாள், முழங்கால் பக்கம் தள்ளினாள். திருத்திய காரில் அதுதான் அசல் ரிவேர்ஸ். கார் மிக அழகாகப் பின்னால் போயிற்று. பின்னால் ஒரு கழுதை. மன்னார்க் கழுதை வாகனத்துக்கு விலகாது. வாகனம்தான் விலக வேண்டும். ஒரு சாண் இடைவெளியில் பிரேக் பிடித்தாள். கை மட்டும் பழக்கதோஷத்தில் போய், பரீட்சகரின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தது.

அவர் நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொன்னார். அதுதான் நாளைக்கு. முப்பதுக்கு முன் வேறு நாள் இல்லை.

இப்போது இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லாத ஒரு பாத்திரம் இருக்கிறது. 'நான்' என்று எழுதப்படுகிறவன். கொழும்பிலிருந்து புஷ் வரவில்லை, வரவில்லை என்று அவன் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்; அது பொய். ஜவாஹிர் இம்மாதம் மூன்றாம் திகதியே பெட்டியைக் கையில் தந்துவிட்டார். பதினேழு நாள் அது என் மேசை லாச்சிக்குள், பழைய விடைத்தாள்களுக்குக் கீழே, பூட்டுப்போட்டு இருந்தது. அவளுக்கு இன்னும் பதினேழு நாள் பழக்கம் கிடைத்திருக்கும். நான் மூன்று நாள் கொடுத்தேன்.

ஏன்? சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு முறை கார் புறப்படும்போதும் அவள் கை என் முழங்காலில் வந்து முட்டும். கலியாணமாகி இருபத்தேழு வருடத்தில் வேறெந்தக் காரணத்துக்காகவும் அவள் கை இவ்வளவு ஒழுங்காக என்னிடம் வந்ததில்லை. புஷ் போட்டால் அது நிற்கும். லைசன்ஸ் வந்தால் பக்கத்து சீற்றில் நானே தேவையில்லை. அவள் மறிச்சுக்கட்டிக்குப் போவாள், நான் இந்த வேப்பமரத்தின் கீழ் இருப்பேன். பயந்துவிட்டேன்.

தாளை வைத்தேன். எடுத்துப் போனாள்.

[ ]

பென்சில் குறிப்பு இல்லை.

7.

முடிவு அ: நாளைக்கு அவள் பாஸ். வீதியால் போகும்போது ஹோர்ன் அடித்து

முடிவு ஆ: நாளைக்கும் கை முழங்காலைத் தேடுகிறது. கடிதத்தை யேசுவின் காலடியிலிருந்து எடுத்து

இரண்டையும் முடிக்கவில்லை. அன்ரோனெற் வந்துவிட்டாள். ஒரு கையில் தாள்கள், மறுகையில் கார்ச் சாவி.

"பதினேழு நாள்."

"ஓம்."

"நான் ஒவ்வொரு நாளும் கேட்டனான். நீங்கள் சாமான் கொண்டுவரேல்லையெண்டு பஸ்காரனைப் பேசினனீங்கள்."

"ஓம்."

"முழங்காலுக்காண்டி."

"ஓம்."

தாள்களைப் பொனற்றில் வைத்துக் கல்லை மேலே போட்டாள். கல் கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது. காரில் ஏறினாள். நான் பழக்கத்தில் மற்றப் பக்கக் கதவுக்குப் போக எழும்பினேன்.

"வேண்டாம். நீங்கள் பக்கத்திலை இருந்தா என்ரை கை அங்கைதான் போகும். நான் தனியப் பழகப் போறன். கதிரையை எடுத்துக்கொண்டு அங்காலை போங்கோ."

"நீர் இப்ப ரிவேர்ஸ்தானே போடப் போறீர்? படலைப் பக்கம்?"

"ஓம்."

"அப்ப நான் ஏன் அங்காலை போவான்?"

கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள். கோபமா என்றால், ஓம், கோபம்தான். ஆனால் அதற்குக் கீழே வேறு ஏதோவும் இருந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை.

நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். கடைசித் தாள் மடியில். எஞ்சின் உறுமுகிறது. அவள் கை லீவரில் இருக்கிறது. கை பிழைத்துக் கார் முன்னால் வந்தால் ஆறடிக்குள் நான்தான் இருக்கிறேன். கை பிழைக்காமல், வேண்டுமென்றே முதலாம் கியரைப் போட்டாலும் நான்தான் இருக்கிறேன். அதற்கும் நியாயம் உண்டு.

டக் என்று கியர் விழுகிறது. சுத்தமான சத்தம். கார் அசைகிறது.

எந்தப் பக்கம் என்று நான் எழுதப் போவதில்லை. அவளுடைய கார் எந்தப் பக்கம் போகலாம் என்பதை ஏற்கெனவே பதினேழு நாள் லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தவன் நான். நீங்கள் சொல்லுங்கள். நான் கதிரையை நகர்த்தவில்லை.