நூலாக வந்த வெந்நீர்

இங்கிலாந்தின் ராச்டேலில் என் பெற்றோர் இருக்கும் வாடகை வீட்டில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் நூல் மாதிரிதான் வந்தது. குளியல் தொட்டி பாதி நிரம்புவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். அம்மா குளிப்பதற்காக அப்பா சமையலறையிலிருந்து கெட்டில் கெட்டிலாகச் சுமந்து மாடி ஏறிக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்த எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வீட்டுக்காரனுக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டத்தால் கண்ட பலன், வீட்டுக்காரர்களுக்குப் புரிகிற மொழியில் திட்ட வருகிறது, அவ்வளவுதான். அப்பா வேண்டவே வேண்டாம் என்றார். பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்றார். கிடங்கு வேலையில் முதலாளிக்குத் தலையாட்டிப் பழகிய கழுத்து இன்னும் நிமிரவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் அடுத்த கெட்டிலைத் தூக்கினார்.

கடிதத்தில் உளறிவிடக் கூடாதே என்று நானே பார்த்தேன். குளியலறையில் பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய், வெந்நீருக்கு ஒரு குழாய். பச்சைத் தண்ணீர் பீறிட்டு வந்தது. இரண்டுக்கும் பரணில் ஒரே தொட்டிதான். அப்படியென்றால் தொட்டியில் குறையில்லை. எல்லா வெந்நீர்க் குழாயிலும் நூலாகவே வந்ததால் அடைப்பு, தண்ணீரைச் சூடாக்கும் கொதிகலத்துக்குப் போகும் வழியில்தான் இருக்க வேண்டும்.

துண்டுகள் உலரும் அலமாரியில் கொதிகலம். அதன் அடியில் சிவப்புத் திருகு வைத்த வால்வு, முக்கால்வாசி மூடிக் கிடந்தது. இத்தனை வருடப் பழசு துருவேறி இறுகியிருக்க வேண்டும். தொட்டதும் சுற்றியது, யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள். எரிவாயுக் காசை மிச்சம் பிடிக்க அப்பா செய்த வேலை என்று முடிவுகட்டி முழுக்கத் திறந்தேன். குளியல் தொட்டியின் வெந்நீர்க் குழாயைத் திருகினேன். ஆவி பறக்கக் கொட்டியது.

சத்தம் கேட்டு அம்மா துண்டோடு வந்தாள். "இவ வந்தாலே வீடு இரைச்சல்தான்" என்று சிரித்தபடி தொட்டிக்குள் கால் வைக்கப் போனாள். படியேறி ஓடிவந்த அப்பா அவளை இடுப்போடு பிடித்து இழுத்தார்.

"மேவிஸ், இரு. இரும்மா."

குழாயை மூடிவிட்டு அம்மாவின் உடையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். கணுக்காலுக்கு மேல் புதுத்தோல், இளஞ்சிவப்பாக.

"போன மாசம் சுடுதண்ணிய மட்டும் தொறந்துவிட்டு எறங்கிட்டா. இன்னொரு குழாய் இருக்கறதே அவளுக்கு மறந்துபோச்சு. மெதுவா வந்தா, நான் மாடி ஏறி வர நேரம் கெடைக்கும்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ யாருக்காச்சும் லெட்டர் எழுதுவ. அவங்க வந்து இவளைக் கூட்டிட்டுப் போய் ஏதாச்சும் காப்பகத்துல வச்சிருவாங்க."

நான் அலமாரிக்குப் போய் வால்வை முன்போல முக்கால்வாசி மூடினேன். பின்னால் வந்து, இன்னும் கொஞ்சம் என்று அவர் கைவைத்துச் சரிசெய்தார். பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டை அளவாக விடும் வால்வு ஒன்று உண்டு, குளியல் தொட்டிக்கு அடியில் பொருத்தலாம், தண்ணீரும் நன்றாக வரும் என்றேன். வீட்டுக்காரன் காரணம் கேட்பானே என்றார்.

"கால் வச்சா வேகுதுன்னு சொல்றேன். யார் காலுன்னு அவனுக்கு எதுக்கு? ஆனா டாக்டர்கிட்ட சொல்லியாகணும்ப்பா."

அம்மா இதற்குள் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளையே பார்த்தார்.

"திங்கக்கெழம கூட்டிட்டுப் போனா, நீ கூட வருவியா?"

திங்கட்கிழமை விடுமுறை முடிந்து எனக்கு வேலை. வருகிறேன் என்றேன்.