கையை எடுத்தாலும் ஓடும் மோட்டார்

மூன்றாவது தடவையாக மோட்டாரின் செப்புக்கம்பிக் காயில் கருகிக்கொண்டிருந்தபோது, வசந்தாமணி வாழைத் தோட்டத்தின் கடைக்கோடியில் நிம்மதியாக மடை திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த நிம்மதியைக் கொடுத்தது ஒரு பல்பு. மோட்டார் இருப்பது ஜேடர்பாளையத்துக் காவிரிக் கரையில்; தோட்டமோ ஒரு மைல் தள்ளி மேட்டில். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் ஓடி மாளாது என்று, குழாய் போன வழியிலேயே கம்பி இழுத்து, தோட்டத்தில் உயரமாகப் பல்பு கட்டியிருந்தாள். ஊரே மெச்சியது.

அன்றைக்கும் பல்பு ஜோராக எரிந்தது. ஆற்றில் தண்ணீர் இறங்கி, மோட்டார் வெறும் காற்றை உறிஞ்சிச் சூடேறியபோதும் எரிந்தது. வாய்க்கால் வற்றியதும், எங்கோ உடைத்துக்கொண்டது என்று அவள் மண்வெட்டியோடு வரப்பு வரப்பாகத் தேடினாள். பல்பின் மேல் அத்தனை நம்பிக்கை.

லாரி ஓட்டப் போயிருந்த புருஷன் வேலுமணி வந்து பார்த்தான். திட்டியிருந்தால் சமாளித்திருப்பாள். பாவம், ஒற்றைப் பொம்பளையாக எவ்வளவுதான் பார்ப்பாய் என்று இரக்கப்பட்டான். தோட்டத்தைப் பங்காளி சின்னுசாமிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாமக்கல்லில் வீடு பார்க்கலாம் என்றான். வெள்ளிக்கிழமை பேச்சு முடிப்பதாக ஏற்பாடு. அந்த மேட்டில் ஒவ்வொரு கன்றும் அவள் கையால் நட்டது.

நாமக்கல்லில் மோட்டாருக்குக் காயில் கட்டும் தம்பி சின்னராஜை வரவழைத்தாள்.

“கரண்ட் இருக்குதான்னு கேட்டதுதான்டா நான் பண்ணுன தப்பு. தண்ணி வருதான்னு கேட்டிருக்கோணும்.”

அக்காவும் தம்பியுமாகப் பல்பைக் கழற்றி எறிந்தார்கள். குழாய் வாயில் ஒரு தகரத்தைத் தொங்கவிட்டார்கள். தண்ணீர் தள்ளினால் தகரம் எழும்பி மேலே இருக்கும் சுவிட்சைச் சேர்க்கும். தண்ணீர் நின்றால் விழுந்து பிரித்துவிடும். பிரிந்த மாத்திரத்தில், பல்புக்கு இழுத்த பழைய கம்பி வழியாக ஆற்றங்கரை மோட்டார் தானே நின்றுவிடும். இது வேலை செய்தால் தன் பிழைப்பில் மண்தான் என்று சின்னராஜ் சிரித்துக்கொண்டே முடுக்கினான்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. தண்ணீர் மைல் தூரம் ஏறி வந்து தகரத்தைத் தள்ளும்வரை யாராவது ஆற்றங்கரையில் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்திப் பிடித்தே நிற்க வேண்டும். முன்னாலேயே விட்டால் மோட்டார் நின்றுபோகும்.

வெள்ளிக்கிழமை காலை அந்த வேலையைப் புருஷனிடமே கொடுத்தாள். எதுவரைக்கும் பிடிப்பது என்று கேட்டான். கையெடுத்தாலும் ஓடுகிறவரைக்கும் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே போனான்.

வசந்தாமணி குழாய் வாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதலில் காற்று சீறியது. பிறகு செம்மண் கலங்கலாகத் தண்ணீர் விழுந்து தகரத்தைத் தள்ளியது. ஆனால் ஓடுவது தகரத்தாலா, அவன் கட்டைவிரலாலா? இங்கிருந்து எப்படித் தெரியும்? தண்ணீரையே பார்த்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் குழாய்த் தடத்தில் ஓர் ஆள் வருவது தெரிந்தது. வேலுமணிதான். இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தான். தண்ணீர் நிற்கவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிட்டே வந்தவன் தண்ணீரைப் பார்த்தான், தகரத்தைப் பார்த்தான். ஆற்றங்கரையில் யாருமே இல்லை என்று ஏதோ அதிசயம்போலச் சொன்னான். அவள் ஒரு காய்ந்த குச்சியால் சுவிட்சைப் பிரித்துவிட்டாள். தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது.

“அட, இப்ப ஆரு போயிப் போடறது?” என்றான் வேலுமணி.

“நீங்கதானுங்க. போற வழியில சின்னுசாமி மச்சாண்டாரு ஊடு இருக்குது. குத்தகைப் பேச்சுக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போட்டு, அப்பறமாப் பட்டன அழுத்துங்க.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே இறங்கினான். சின்னுசாமி வீட்டு வாசலில் அவன் நின்று பேசுவது மேட்டிலிருந்து நன்றாகத் தெரிந்தது.