இருபது மடங்கு போதும்

'இவ என்னைவிட நல்லா சுடுறதுகூடப் பரவாயில்லை. என் குண்டு எங்கே விழுந்ததுன்னு எனக்கு முன்னாடி இவளுக்குத் தெரியுதே, அதைத்தான் தாங்க முடியலை.'

தங்கையைப் பற்றி இப்படி நினைத்தபடி, அக்கா கடைக்காரர் மேசைமேல் வைத்த மூன்று தொலைநோக்கிகளையும் பார்த்தாள்.

சுடுதளத்தில் இலக்குத் தாளின் துளைகளைப் பார்க்க, தங்கையிடம் மட்டும்தான் விலையுயர்ந்த தொலைநோக்கி இருந்தது. அக்கா சுட்டதும் தங்கை அதில் கண்ணை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எட்டு! இடது பக்கம் ஓடிட்டியே அக்கா!" என்பாள். முழுதாகப் பத்துப் புள்ளி விழுந்தால் மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். அப்படித்தான் அக்காவுக்குத் தோன்றும்.

"ஐம்பது மீட்டருக்குத்தானேம்மா? இருபது மடங்கு போதும். அதுக்கு மேல போனா வெயில்ல தாளே நெளியுற மாதிரி தெரியும்," என்று கடைக்காரர் இருப்பதிலேயே மலிவானதை நீட்டினார்.

அக்கா அதை வாசல் பக்கம் திருப்பினாள். தெருக்கோடியில் தங்கை வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி சுடும் அணிக்குத் தேர்வானவர்களுக்குத் தந்த அடையாளச் சின்னம் அவள் சட்டையில் இருந்தது. அதன் எழுத்துகூடத் துல்லியமாகத் தெரிந்தது. அக்காவுக்கு வயிறு எரிந்தது. கண்ணாடி நல்ல கண்ணாடிதான்.

தங்கை உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பொம்மை வாங்கவா வந்தே? அதை வெச்சிடு. என்னுதுதான் இருக்கே, நான் பார்த்துச் சொல்றேன்ல?"

அவள் குரலில் இருந்தது பிரியம்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

"வேணாம்டி," என்றாள் அக்கா மெதுவாக. "நான் சுட்டதை நானே பார்க்கிறேன்."