தாடையில் ஒரு பரு

...ஆனால் போன வாரம் மூக்கோரத்தில் இருந்ததே, பிறை மாதிரி வளைந்து, நடுவில் மஞ்சளாய், அது எங்கே போய்த் தொலைந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடியில் தன் முகத்தைத் துழாவிக்கொண்டிருந்தார் போட்டோக்காரர், அறுபது வயதில் பருவைக் காணோமே என்று பதறுகிற ஒரே மனுஷன் தானாகத்தான் இருக்கும், வாழ்நாள் முழுக்க ஊரார் முகத்துப் பருவையெல்லாம் அழித்துப் பிழைத்தவனுக்கு இது தேவைதான்... காலையில் மனைவி வேறு, முகம் பளிச்சுன்னு மாப்பிள்ளை மாதிரி இருக்குங்க என்றாள், அப்போதிருந்து கண்ணாடியை விடவில்லை. டாக்டர் என்ன சொன்னார்? நுரையீரல் கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்துவிட்டு, வளரு வளருன்னு கட்டியைத் தூண்டுற ஸ்விட்ச் ஒண்ணு உள்ள இருக்கு, இந்த மாத்திரை அதைத் தேடிப்போய் அணைக்கும், ஆனா அதே ஸ்விட்ச் தோல்லயும் உண்டு, அதனால பரு வரும், வந்தா சந்தோஷப்படுங்க, மருந்து வேலை செய்யுதுன்னு பெரும்பாலும் அர்த்தம்... சரி, மறைந்தால்? அதற்கும் ஏதோ சொன்னார், பயப்பட வேண்டாம் என்கிற மாதிரி, அதற்குள் இவர் சந்தோஷப்படப் போய்விட்டார். நாளைக்கு ஸ்கேன். கட்டி சுருங்கியதா இல்லையா என்று மெஷின் சொல்லிவிடும், அதற்கு முன்னால் ஒரு பரு சொல்லித் தொலைத்தால் கொஞ்சம் தூங்கலாமே...

"கண்ணாடி தேஞ்சிடப்போகுதுப்பா, இங்க வாங்க." கம்ப்யூட்டர் முன்னாலிருந்து மகள் கூப்பிட்டாள், ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அனுப்ப வாராவாரம் அவர் முகத்தைப் படமெடுப்பவள் அவள்தான், நேற்று எடுத்ததைத் திரையில் பெரிதாக்கி, "தாடையில ஒண்ணு இருக்கு பாருங்க, சொன்னா கேட்டாத்தானே" என்றாள். அட, ஆமாம், சிவப்பாக, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, என் தங்கமே என்றார், மகளையா பருவையா, அவருக்கே தெரியவில்லை. கை தானாகத் தாடைக்குப் போனது. வழவழ. நேற்று இருந்தது இன்று அமுங்கியிருக்கும்... அப்படியா? மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பிறை மாதிரி வளைவு, நடுவில் மஞ்சள். போன வாரத்து மூக்கோரத்துப் பரு, தாடைக்குக் குடிவந்திருக்கிறது. ஒட்டிய ஓரம் தெரியவில்லை, நிழல்கூடச் சரியான பக்கம் விழுந்திருக்கிறது, கெட்டிக்காரி, தொழிலை ஒழுங்காகத்தான் கற்றிருக்கிறாள்... நர்ஸுக்கு அனுப்பிட்டியாம்மா என்று கேட்டார். "இல்லப்பா, அவங்களுக்கு வேற படம் அனுப்பினேன்... இது சும்மா, உங்களுக்குக் காட்ட." அவள் திரும்பவில்லை, மவுஸை வெறுமனே நகர்த்திக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் அவளும் தேடியிருக்கிறாள், இவர் முகத்தை இவ்வளவு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அங்குலமாக, எத்தனை நேரமோ...

"நல்லாத்தான் இருக்கு," என்றார், "அழிச்சிடாதே."