உள்ளங்கைச் சீனி

இருபத்திரண்டு வருஷமாக டோரீன் தன் புருஷன் மரியநாயகத்துக்கு ஒரே மாதிரிதான் தேத்தண்ணி கொடுத்து வந்தாள். பால் கிடையாது, சாயம் நன்றாக இறங்கிய பிளேன்டி. தேயிலை ஃபெக்டரி வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்ததும் மனுஷன் வாசற்படியில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவார். உள்ளங்கையில் அவள் ஒரு கரண்டி சீனி வைப்பாள். சீனியில் ஒரு நக்கு, தேத்தண்ணியில் ஒரு மிடறு. உலகமே தலைகீழானாலும் ஐந்தே முக்காலுக்கு அந்தக் கை நீளும் என்பதில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி.

போன செவ்வாய்க்கிழமை அந்த நிம்மதியில் மண் விழுந்தது. ஏதோ யோசனையில் இருந்த மரியநாயகம் கையிலிருந்த சீனியைக் கோப்பைக்குள் கொட்டிவிட்டு, பக்கத்தில் எதையோ துழாவினார்.

"என்னங்க தேடுறீங்க?"

"கரண்டி... இல்ல, ஒன்னுமில்ல புள்ள."

கரண்டி தேடுகிற பழக்கம் ஒரே நாளில் வந்துவிடுமா? எங்கேயோ ஒருத்தி இந்த ஆளுக்குச் சீனி போட்டுக் கலக்கிக் கொடுக்கிறாள். ஒருத்திதான், ஒருத்தன் இல்லை. ஐந்து மணிக்குச் சங்கு ஊதுகிறது. ஃபெக்டரியிலிருந்து லயத்துக்குப் பத்து நிமிஷ நடை. மிச்ச நேரம் எங்கே போகிறது? இத்தனை வருஷம் இதை யோசிக்காத தன் மடத்தனத்தை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் அவள் லயத்துக்குப் போகவில்லை. தனக்கு ஒருநாளும் வேலையில்லாத ஃபெக்டரி ரோட்டில் விறுவிறுவென்று இறங்கினாள். முக்கில் மாயாண்டியின் தேத்தண்ணிக் கடை. உள்ளே பெஞ்சில் மரியநாயகம், கையில் பால் தேத்தண்ணி. வேறு ஆளே இல்லை.

"வாங்கக்கா," என்றான் மாயாண்டி. "அண்ணனுக்கு டெய்லி இதுதான். ரெண்டு கரண்டி சீனி போட்டு நல்லாக் கலக்கணும். பதினெட்டு வருஷமா மாத்துனதே இல்ல."

"அப்ப வீட்டுல கைய நீட்டுறது என்னங்க?"

மரியநாயகம் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு அது புடிக்காது புள்ள. கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும். கல்யாணமான மறுநாளு நீயா வச்ச. வேணாம்னா ஒன் மூஞ்சி வாடிப்போகும்னு நக்கிட்டேன். அப்புறம் அப்படியே பழகிருச்சு."

மாயாண்டி சிரித்துவிட்டான். டோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி இருந்திருந்தால் அவள் கொண்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். இதற்கு யாரோடு சண்டைக்குப் போவது? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் எடுத்து வைக்கும் நீலச் சட்டை, அவருக்கென்றே வைக்கும் கருவாட்டுக் குழம்பு, கட்டிலில் சுவரோரமாக அவருக்கு விட்ட இடம் எல்லாவற்றின் மேலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"வேற என்னங்க புடிக்காது, எங்கிட்ட?"

ஒன்றுமில்லை என்று பட்டென்று சொல்லியிருந்தால் போதும், அந்த இடத்திலேயே மன்னித்திருப்பாள். மரியநாயகம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கூரையைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார்.